அம்புவாஸ்: லுவார் கரையில் இரண்டு இரவு

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: செப்டம்பரில் அப்பா அம்மாவோடு பாரிஸ் போகிறீர்கள். நடுவில் மூன்று நாள் கையில் இருக்கிறது. லுவார் ஆற்றுப் பக்கம் ஒரு பழைய ஊரைப் பார்க்க ஆசை. பாரிஸிலிருந்து காலையில் கிளம்பி மூன்று அரண்மனைகளைக் காட்டிவிட்டு ராத்திரி கொண்டுவந்து விடும் பேருந்தில் போவதா, இல்லை அம்புவாஸில் போய்த் தங்குவதா? அம்மாவுக்கு மூட்டுவலி, எல்லோரும் சைவம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

தங்குங்கள். இரண்டு இரவு. பேருந்துச் சுற்றுலாவை நான் யாருக்கும் சொல்வதில்லை, வயதானவர்களோடு போகிறவர்களுக்குச் சொல்லவே மாட்டேன். ஏறுவதும் இறங்குவதும் வரிசையில் நிற்பதுமாகவே அந்த நாள் கழிந்துவிடும். அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அந்தப் பேருந்துகள் அரண்மனை வாசலில் இறக்கி அரண்மனை வாசலிலேயே ஏற்றிக்கொள்ளும். ஆற்றைக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள். அம்புவாஸில் கோட்டை, ராஜாக்கள், லியோனார்டோ டா வின்சி என்று எதை எடுத்தாலும் அதற்குக் காரணம் அந்த ஆறுதான். ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் உட்காராமல் கோட்டைக்குள் போனால் ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்த கணக்குத்தான் மிஞ்சும்.

போகும் வழி சுலபம். பாரிஸ் ஓஸ்டர்லிட்ஸ் நிலையத்திலிருந்து நேர் ரயில் உண்டு, சுமார் இரண்டு மணி நேரம். மோன்பார்னாஸ் நிலையத்தில் டிஜிவி அதிவேக ரயிலைப் பிடித்து, தூர் நகரத்தை ஒட்டியுள்ள சேன்-பியேர்-தே-கோர் வரை ஒரு மணி நேரத்தில் போய், அங்கே வட்டார ரயிலுக்கு மாறுவது இன்னொரு வழி. வேகம் பார்த்தால் இரண்டாவது, மூட்டுவலியும் பெட்டிகளும் கூட வந்தால் முதலாவது. மாறுவதற்குப் படிக்கட்டு ஏறி இறங்க வேண்டாமே. அம்புவாஸ் ரயில் நிலையம் ஆற்றின் வடகரையில் இருக்கிறது, பழைய ஊர் தென்கரையில். நடந்தால் இருபது நிமிடம் ஆகும். சின்ன ஊர், வாசலில் டாக்ஸி வரிசையாக நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தங்குமிடத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் வண்டி ஏற்பாடு செய்து கொடுப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். ஏன் வெள்ளி என்பதைப் பின்னால் சொல்கிறேன். பெட்டியை வைத்துவிட்டு, கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு, சாயங்காலம் பாலத்தின் மேல் வந்து நில்லுங்கள். லுவார் இங்கே இரண்டு கிளையாகப் பிரிந்து ஓடுகிறது. நடுவில் உள்ள தீவுக்குப் பெயர் ஈல் தோர், தங்கத் தீவு. தீவின் கரையில் பெஞ்சுகள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து தெற்கே பார்த்தால் எதிர்க்கரையில் பாறை, பாறையின் மேல் கோட்டை, பாறையின் காலடியில் கருஞ்சாம்பல் கற்பலகை வேய்ந்த கூரைகளோடு ஊர். செப்டம்பரில் ஏழு மணிக்கு மேல் மேற்கு வெயில் சாய்வாக விழும்போது கோட்டைச் சுவரின் வெள்ளைக் கல் மஞ்சளாக மாறும். பேருந்துகள் அதற்குள் போயிருக்கும்.

லுவார் பிரான்சின் மிக நீளமான ஆறு, 1,006 கிலோமீட்டர். கோடையின் முடிவில் தண்ணீர் வற்றி, பாதி ஆறு மணல்திட்டாகக் கிடக்கும். நீங்கள் பார்க்கப்போவதும் அப்படித்தான் இருக்கும். இறங்கிக் கால் நனைக்கலாம்போல ஆசையாக இருக்கும், இறங்க வேண்டாம். அந்த மணல் நிலையானதில்லை. இன்றைக்குத் திட்டாக இருக்கும் இடத்தின் ஓரத்திலேயே ஆள் ஆழத்துக்குக் குழி இருக்கும், அடியில் ஓட்டமும் இழுக்கும். ஆண்டுதோறும் இப்படி உயிர் போகிற ஆறு இது. மழைக்காலத்தில் இதே ஆறு கரைமுட்ட வரும். 1846, 1856, 1866 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்களை இந்தப் பள்ளத்தாக்கு இன்னும் பேசுகிறது. லுவார் கரை ஊர்கள் பலவற்றில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரில் கோடு போட்டு ஆண்டைப் பொறித்து வைத்திருப்பார்கள். அப்பாவுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இருந்தால் கரையோரச் சுவர்களைக் கவனித்துக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள்.

சரி, ஊர் ஏன் சரியாக இந்த இடத்தில்? நடுவில் தீவு இருந்தால் பாலம் கட்டுவது சுலபம். அகலமான ஒரு ஆற்றை ஒரே மூச்சில் தாண்ட வேண்டியதில்லை. பக்கத்திலேயே அமாஸ் என்ற சிற்றாறு வந்து லுவாரில் சேர்கிறது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கும் பாறை மூக்கின் மேல் கோட்டை கட்டியவன் பாலத்தையும் படகையும் ஒன்றாகக் காவல் காக்கலாம். ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 504 வாக்கில், பிராங்கியர்களின் ராஜா குளோவிஸும் விசிகோத்துகளின் ராஜா இரண்டாம் அலாரிக்கும் இந்தத் தீவில்தான் சந்தித்துச் சமாதானம் பேசினார்கள். வடக்கே ஒருவர் ஆட்சி, தெற்கே இன்னொருவர் ஆட்சி, நடுவில் தீவு. சேர்ந்து சாப்பிட்டு, குடித்து, நட்பு சொல்லிப் பிரிந்தார்கள். 507-இல் வூயே போரில் குளோவிஸின் படையிடம் தோற்று அலாரிக் உயிரை விட்டார்.

படகுப் போக்குவரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லுவார் மேற்கே கடலை நோக்கி ஓடுகிறது, இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். அதனால் சரக்குப் படகுகள் போகும்போது நீரோட்டத்தோடும், திரும்பும்போது பாய்மரம் விரித்துக் காற்றோடும் ஓடின. மணல்திட்டில் தட்டாமல் இருக்க அடிப்பாகம் தட்டையான மரப்படகுகள். உப்பு, ஒயின், கல், தானியம் எல்லாம் இப்படித்தான் ஊர் ஊராகப் போனது. 1846-இல் ஓர்லியோனிலிருந்து தூர் வரை ரயில் பாதை வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தப் படகுத் தொழிலே படுத்துவிட்டது. பழைய பாணியில் கட்டிய மரப்படகுகளில் கோடையில் சவாரி கூட்டிப்போகிறார்கள். அம்மாவால் அதிகம் நடக்க முடியாது என்பதால் இதை நான் முதல் வரிசையில் வைப்பேன். நீர்மட்டம் மிகவும் இறங்கிவிட்டால் சவாரியை நிறுத்தி வைப்பதும் உண்டு, போன உடனே சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் வந்தால் கல்லைப் பாருங்கள். கோட்டை, தேவாலயம், வீடு எல்லாம் ஒரே வெளிர் நிறம். இது தூஃபோ என்ற மென்மையான சுண்ணக்கல், ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தபோது படிந்தது. நிலவியலில் அந்தக் காலகட்டத்துக்கே இந்த வட்டாரத்தின் பெயர்தான். பழைய சுவர் ஒன்றில் விரலை வைத்துத் தேய்த்தால் வெள்ளை மாவு ஒட்டும். வெட்டவும் செதுக்கவும் எளிது, பக்கத்திலேயே கிடைக்கிறது, படகில் ஏற்றிக் கொண்டுபோகலாம். லுவார் கரை அரண்மனைகளில் இவ்வளவு சிற்ப வேலைப்பாடு இருப்பதற்கு ராஜாக்களின் ரசனை பாதிக் காரணம் என்றால் இந்தக் கல் மீதி. கல் எடுத்த குகைகளையும் வீணாக்கவில்லை. ஒயின் பாதாள அறையாக்கினார்கள், காளான் வளர்த்தார்கள், குடியும் இருந்தார்கள். கோட்டையிலிருந்து லியோனார்டோவின் வீட்டுக்குப் போகும் விக்டர் ஹ்யூகோ தெருவில் இடது வலது பார்த்துக்கொண்டே போங்கள். பாறையைக் குடைந்து, முன்னால் மட்டும் கதவும் ஜன்னலும் வைத்த வீடுகள் வரும். சிலவற்றில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலில் திரைச்சீலை தொங்கும். அடுத்தவர் வீடு என்பதால் எட்டிப் பார்க்காமல் போகவேண்டியதுதான்.

கோட்டையைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏமாற்றம் வேண்டாம். இன்று நிற்பது ஒரு காலத்தில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்குமா என்பது சந்தேகம். 1434-இல் அம்புவாஸ் பிரபுக் குடும்பத்திடமிருந்து அரசரின் கைக்கு வந்து, அதன்பின் நூறு ஆண்டு காலம் பிரெஞ்சு ராஜாக்களின் செல்ல இருப்பிடமாக இருந்த இடம் இது. புரட்சிக்குப் பிறகு நெப்போலியன் இதை ரோஜே துகோ என்ற செனட்டரிடம் கொடுத்தார். பராமரிக்கப் பணம் இல்லாமல் அவர் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினார். ஆகவே மேலே ஏறினால் பெரிய மொட்டை மாடி, தோட்டம், ஒரு மாளிகை, ஒரு சிறு வழிபாட்டுக்கூடம், இரண்டு உருண்டைக் கோபுரங்கள், அவ்வளவுதான். அறைகளில் உள்ள சாமான்களும் பெரும்பாலும் பிற்காலத்தில் கொண்டுவந்து வைத்தவை. ஆனால் ஆலோசனை மண்டபத்தின் தூண்களை நின்று பாருங்கள். பிரெஞ்சு அரசரின் லில்லிப் பூவும், பிரான்சின் மேற்கே அப்போது தனி நாடாக இருந்த பிரித்தானியின் இளவரசி ஆனின் சின்னமான எர்மின் என்ற கீரி போன்ற சிறு விலங்கின் வாலும் மாறி மாறிச் செதுக்கியிருக்கும். ஒரு கல்யாணத்தால் ஒரு நாடு இன்னொரு நாட்டோடு சேர்ந்த கதை அது.

இந்தக் கோட்டையில் எனக்கு மிகவும் பிடித்தது கோபுரங்களுக்குள் போகும் சரிவுப்பாதை. மீனிம் கோபுரம், எர்தோ கோபுரம் இரண்டிலும் உள்ளே படிக்கட்டு கிடையாது. கல் பாவிய அகலமான பாதை, நடுத்தூணைச் சுற்றிச் சுற்றி ஊர் மட்டத்திலிருந்து மேல்தளம் வரை ஏறும். குதிரையும் வண்டியும் நேராக மேலே வருவதற்காக பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. சுவரில் இடைவெளிவிட்டு வைத்த ஜன்னல்களிலிருந்து வெளிச்சம் விழும், மேலே வளைவுக் கூரை, அந்த வளைவுகளைத் தாங்கும் கல்முனைகளில் சின்னச் சின்ன முகங்களும் உருவங்களும். சில பக்தியானவை, சில கேலியானவை, சில பெரியவர்கள் முன்னால் விளக்க முடியாதவை. 1539-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் விருந்தாளியாக வந்தபோது எர்தோ கோபுரத்தின் உட்சுவர் முழுக்கத் திரைச்சீலை தொங்கவிட்டு, பந்தம் ஏற்றி, ராத்திரியைப் பகலாக்கி வைத்திருந்தார்கள். ஒரு பந்தத்திலிருந்து சீலையில் தீப்பிடித்து, அந்தச் சுருள்பாதை முழுக்கப் புகை நிறைந்து, பேரரசர் மூச்சுத் திணறி வெளியே வந்தார். கோபுரம் திறந்திருந்தால் அது வழியாகவே இறங்குங்கள். சரிவு அம்மாவின் முழங்காலுக்குப் படியைவிடப் பரவாயில்லை, ஆனால் மெதுவாக, சுவரோரமாக.

இந்த ஊரை அலங்கரித்த ராஜா எட்டாம் ஷார்ல். 1470-இல் இங்கேயே பிறந்தவர். 1494-இல் படையெடுத்து இத்தாலி போனார். நேபிள்ஸைப் பிடித்தார், பறிகொடுத்தார். அதில் மிஞ்சியது அவர் கூட்டிக்கொண்டு வந்த இத்தாலியக் கலைஞர்கள்தான். பாச்செல்லோ என்ற தோட்டக்காரர் அதில் ஒருவர். கோட்டை மாடியில் இத்தாலிய பாணித் தோட்டம் போட்டவர் அவர். 1498 ஏப்ரல் 7 அன்று, பந்து விளையாட்டு பார்க்க அரசியோடு போகும் வழியில், தாழ்வான ஒரு வாசல் நிலையில் ஷார்லின் தலை மோதியது. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் திடீரென்று சாய்ந்தார், சில மணி நேரத்தில் இறந்தார். வயது 27. பிள்ளைகள் யாரும் உயிரோடு இல்லாததால் பட்டம் உறவுக்காரரான பன்னிரண்டாம் லூயிக்குப் போனது. விதவையான அரசி ஆனையும் அவரே மணந்துகொண்டார்.

மாடியின் ஓரத்தில், கீழே விழுந்துவிடுமோ என்பதுபோல் நிற்கும் சிறு கூடம் புனித உபேர் பெயரிலானது. வாசலின் மேல் நிலைக்கல்லில் கொம்புகளுக்கு நடுவே சிலுவை தாங்கிய மானைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே லியோனார்டோ டா வின்சியின் சமாதி. அவர் முதலில் புதைக்கப்பட்டது இங்கே இல்லை. கோட்டைக்குள்ளேயே இருந்த புனித ஃப்ளோரந்தேன் தேவாலயத்தில். துகோ இடித்தவற்றில் அதுவும் ஒன்று. 1863-இல் அந்த இடத்தைத் தோண்டியபோது பெரிய மண்டையோடு கொண்ட ஒரு எலும்புக்கூடும், அவர் பெயரின் துண்டுகள்போல் தோன்றிய எழுத்துகள் உள்ள கற்களும் கிடைத்தன. அவையே பின்னர் இந்தக் கூடத்துக்கு மாற்றப்பட்டன. அவருடையதுதான் என்று உறுதி கிடையாது. வண்ணக் கண்ணாடிகள் இரண்டாம் உலகப் போரில் உடைந்து, பிறகு மாக்ஸ் அங்க்ரான் செய்து பொருத்தியவை.

கோட்டை மாளிகையின் ஆற்றுப்பக்கத்தில் இரும்புக் கம்பி போட்ட நீண்ட பால்கனி ஒன்று வரும். எல்லோரும் அங்கே நின்று படம் எடுப்பார்கள், காட்சியும் அவ்வளவு அழகு. அதன் கதையைத் தெரிந்துகொண்டு நில்லுங்கள். 1518-இல் அம்புவாஸில் பெரிய விழா நடந்தது: பட்டத்து இளவரசனின் ஞானஸ்நானம், கூடவே இத்தாலியின் லொரென்சோ தே மெடிசிக்கும் பிரெஞ்சுப் பிரபு வீட்டுப் பெண் மாத்லேனுக்கும் கல்யாணக் கொண்டாட்டம். ஊரில் அப்போது வாழ்ந்துகொண்டிருந்த லியோனார்டோவுக்கு விழா ஏற்பாட்டில் கை இருந்தது. அந்தத் தம்பதிக்கு அடுத்த ஆண்டு பிறந்த பெண்தான் கத்தரீன் தே மெடிசி. 1560 மார்ச்சில் அவர் ராஜமாதாவாக இதே கோட்டையில் இருந்தார். ராஜாவான மகன் இரண்டாம் பிரான்சுவாவுக்குப் பதினாறு வயது, மருமகள் ஸ்காட்லாந்தின் மேரி ஸ்டுவர்ட். அந்தப் பையனை, ஆட்சியைக் கையில் வைத்திருந்த கத்தோலிக்கரான கீஸ் பிரபுக்களின் பிடியிலிருந்து பிரித்துக் கொண்டுபோக, புராட்டஸ்டன்ட் பிரிவினர் ஒரு சதித்திட்டம் போட்டார்கள். அது முன்கூட்டியே கசிந்தது. காடுகளில் சிறு சிறு கூட்டமாக வந்துகொண்டிருந்தவர்களைப் பிடித்து வெட்டினார்கள், சாக்கில் கட்டி லுவாரில் போட்டார்கள், கோட்டைக் கொத்தளங்களிலும் பால்கனியிலும் தூக்கில் தொங்கவிட்டார்கள். செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல் என்பார்கள். அரச குடும்பத்துக்கு இந்த ஊர் பிறகு ருசிக்கவில்லை. அவ்வப்போது வந்தார்கள், தங்கவில்லை.

தோட்டத்தின் பின்பக்கத்துக்குப் பெரும்பாலானோர் போவதில்லை, நீங்கள் போங்கள். அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையை ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போராடிய அமீர் அப்துல் காதிர், கிழக்கு நாடு ஒன்றுக்குப் போகவிடுவோம் என்ற வாக்கை நம்பி 1847-இல் சரணடைந்தார். வாக்கை மீறி அவரைக் குடும்பத்தோடும் பரிவாரத்தோடும் பிரான்சுக்குக் கொண்டுவந்து சிறை வைத்தார்கள். 1848 முதல் 1852 வரை அந்தச் சிறை இந்தக் கோட்டைதான். குளிரிலும் நோயிலும் அவர் கூட்டத்தில் 25 பேர் இங்கேயே இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. அவர்களுக்காக 2005-இல் அல்ஜீரியக் கலைஞர் ரஷீத் கொராயிஷி ஒரு தோட்டம் அமைத்தார். அதில் 25 கற்கள். விடுதலையான அமீர் கடைசியில் டமாஸ்கஸில் குடியேறினார். 1860-இல் அங்கே கலவரம் வெடித்தபோது ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களுக்குத் தன் இடத்தில் அடைக்கலம் கொடுத்துக் காப்பாற்றினார். தன்னைச் சிறை வைத்த பிரான்சின் உயர்ந்த விருதை அதற்காகப் பெற்றார். கோட்டையில் நான் அதிக நேரம் நிற்பது இந்த இடத்தில்தான்.

மறுநாள் சனிக்கிழமை காலை, திறந்த உடனே லியோனார்டோ வாழ்ந்த வீடான க்ளோ லூசே போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் கூட்டம் தாங்காது. கோட்டையிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடைதான், ஆனால் ஏற்றம், அம்மாவை வண்டியில் அனுப்பிவிடலாம். செங்கல்லும் வெள்ளைக் கல்லும் கலந்து கட்டிய வீடு. முதலாம் பிரான்சுவா ராஜா அழைத்து, 1516-இல் ரோமிலிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி லியோனார்டோ இங்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு 64 வயது, ராஜாவுக்கு 22. கூடக் கொண்டுவந்த ஓவியங்களில் ஒன்று மோனா லிசா. பாரிஸில் லூவரில் நீங்கள் கூட்டத்துக்கு நடுவே எக்கிப் பார்க்கப்போகும் அந்தப் படம் பிரான்சுக்குள் வந்த கதை இதுதான். 1517 அக்டோபரில் ஒரு கார்டினல் அவரைப் பார்க்க வந்தார். கூட வந்த செயலர் தன் குறிப்பேட்டில், கிழவர் மூன்று படங்களைக் காட்டினார், வலது கை வாதத்தால் விழுந்துவிட்டது, இருந்தாலும் வரைகிறார், சொல்லிக் கொடுக்கிறார் என்று எழுதிவைத்தார். லியோனார்டோ இடதுகைப் பழக்கம் உள்ளவர். ரொமொரான்தேன் என்ற இடத்தில் ராஜாவின் தாயாருக்காக ஒரு புதிய அரண்மனை, அதைச் சுற்றிக் கால்வாய்கள் என்று கடைசிவரை திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். 1519 மே 2 அன்று இந்த வீட்டில் இறந்தார். ராஜாவின் மடியில் உயிர் பிரிந்தது என்று கதை சொல்வார்கள், ஓவியமும் இருக்கிறது, ஆனால் அந்தச் சமயத்தில் அரசவை பாரிஸ் பக்கம் சேன்-ஜெர்மேனில் இருந்தது.

வீட்டுக்குள் மாடிப்படி உண்டு. அம்மாவுக்கு முடியாவிட்டால் கவலை இல்லை, வெளியே உள்ள பெரிய தோட்டமே போதும். அமாஸ் சிற்றாறு அந்தத் தோட்டம் வழியாகத்தான் ஓடுகிறது. மரப்பாலம், சுழலும் திருகு, லியோனார்டோவின் குறிப்பேட்டுப் படங்களைப் பார்த்துப் பெரிய அளவில் செய்த இயந்திரங்கள் எல்லாம் கையால் சுற்றிப் பார்க்கலாம். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள்.

மதியத்துக்கு இரண்டு வழி. ஒன்று ஷாந்தலூ பகோடா, ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர். இங்கே நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பதினைந்தாம் லூயியின் பலம் வாய்ந்த அமைச்சர் ஷுவாசேல் பிரபுவின் இடம் அது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள் அல்லவா, 1763 பாரிஸ் உடன்படிக்கையில் அந்த ஊரைப் பிரான்சுக்குத் திரும்ப வாங்கியபோது அரசின் கடிவாளம் இவர் கையில்தான் இருந்தது. 1770 டிசம்பரில் ராஜா இவரைப் பதவி நீக்கி ஷாந்தலூவுக்கு அனுப்பிவிட்டார். பதவி போனவரைப் பார்க்க வந்தால் ராஜாவின் கோபத்துக்கு ஆளாக வேண்டும் என்று தெரிந்தும் நண்பர்கள் சாரிசாரியாக வந்தார்கள். அவர்களுக்கு நன்றியாக, அப்போது பாணியாக இருந்த சீன உருவத்தில், 44 மீட்டர் உயரத்தில் ஏழு அடுக்குக் கோபுரம் ஒன்றை எழுப்பினார், 1778-இல் முடிந்தது. அரண்மனை 1823-இல் இடிபட்டுப் போனது. கோபுரமும் அதன் முன்னால் உள்ள குளமும் நிற்கின்றன. அப்பா மேலே ஏறட்டும், லுவார் பள்ளத்தாக்கு தெரியும். அம்மா கீழே குளக்கரையில் உட்காரலாம்.

இரண்டாவது வழி ஷெனோன்சோ. வண்டியில் இருபது நிமிடம். ஷேர் ஆற்றின் குறுக்கே பாலத்தின் மேலேயே கட்டிய அரண்மனை, 60 மீட்டர் நீள மண்டபம் ஆற்றுக்கு மேல் போகிறது. முதல் உலகப் போரில் அந்த மண்டபம் ஆஸ்பத்திரி. இரண்டாம் போரில் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் எல்லை இந்த ஷேர் ஆறு, மண்டபத்தின் கடைசிக் கதவு மறுகரையில் திறக்கும். ஒரே ஒரு கூடுதல் அரண்மனை பார்ப்பதென்றால் இதைப் பாருங்கள், கீழ்த்தளம் சமதரை. ஷாம்போர் அரண்மனைக்கு இந்த முறை ஆசைப்பட வேண்டாம், தூரமும் அதிகம், நடையும் அதிகம்.

சாப்பாடு. உணவகங்கள் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை, பிறகு ராத்திரி ஏழு மணிக்கு மேல். மூன்று மணிக்குப் போய் நின்றால் காபிதான் கிடைக்கும். ஞாயிறு ராத்திரியும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். ரியேத், ரியோன் என்று பலகையில் எழுதியிருந்தால் இரண்டும் பன்றி இறைச்சி. காய்கறி சூப்பிலும் இறைச்சி வேகவைத்த சாறு சேர்ப்பதுண்டு, கேட்டுத்தான் வாங்க வேண்டும். பயப்படாமல் சாப்பிடக்கூடியது கருங்கோதுமை மாவில் வார்க்கும் கலெத், முட்டை ஒத்துக்கொண்டால் ஆம்லெட், அப்புறம் இந்த ஊர்ப் பக்கத்துப் பண்டமான ஃபுவே. சிறிய உருண்டை ரொட்டியை விறகடுப்பில் போட்டதும் புஸ்ஸென்று உப்பும். சூட்டோடு கீறி, உள்ளே வெள்ளை மொச்சை மசியலோ ஆட்டுப்பால் சீஸோ வைத்துத் தருவார்கள். மொச்சையை இறைச்சி இல்லாமல் வேகவைத்தார்களா என்று மட்டும் கேளுங்கள். சைவத்திலும் சீஸில் ஒரு சங்கடம் உண்டு. இந்த வட்டாரத்துப் புகழ்பெற்ற சேன்-மோர் சீஸ் உட்பட பாரம்பரிய சீஸ்களைக் கன்றுகுட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் விட்டுத்தான் உறைய வைக்கிறார்கள். வீட்டில் அது கூடாதென்றால் தவிர்த்துவிடுங்கள்.

கூடும் என்றால் ஞாயிறு காலைச் சந்தையில் வாங்குங்கள். வெள்ளிக்கிழமை வரச் சொன்னது இதற்காகத்தான். வெள்ளியும் ஞாயிறும் சந்தை உண்டு, ஞாயிறுதான் பெரியது. ஆற்றங்கரை ஓரமாக நீளத்துக்குக் கடை போடுவார்கள். சாம்பல் பூசிய நீள உருளையாக, நடுவில் ஒரு வைக்கோல் தண்டு செருகியிருப்பதுதான் சேன்-மோர். உடையாமல் பிடித்துக்கொள்ள அந்தத் தண்டு. இளசா, காய்ந்ததா என்று கேட்பார்கள், முதல்முறை என்றால் இளசு. செப்டம்பரில் பிளம்ஸ், பேரிக்காய், திராட்சை எல்லாம் வந்திருக்கும். எந்தக் கடையிலும் வாய் திறந்ததும் முதலில் 'போன்ஷூர்' சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விலை கேட்டால் முகம் மாறிவிடும்.

தங்குவதற்குக் கோட்டையை ஒட்டிய தெருக்களைவிட ஆற்றங்கரைச் சாலையை ஒட்டிய விடுதிகளைப் பாருங்கள். பழைய கட்டடங்களில் மின்தூக்கி இருக்காது, பதிவு செய்யும்போதே தரைத்தள அறை கேளுங்கள். செப்டம்பர் மூன்றாவது சனி ஞாயிறு பிரான்ஸ் முழுக்கப் பாரம்பரியச் சின்னங்களின் நாட்கள். வழக்கமாக மூடியிருக்கும் சில இடங்கள்கூடத் திறப்பார்கள், கட்டணமும் பல இடங்களில் குறையும், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். அம்மாவை நினைத்து நான் அந்த வாரத்தைத் தவிர்ப்பேன். ஞாயிறு மாலை பாரிஸ் திரும்பும் ரயில்கள் நிரம்பி வழியும். இருக்கை உறுதி செய்யக்கூடிய ரயிலாகப் பார்த்து, விடுதியைப் பதிவு செய்யும் அன்றைக்கே அந்த டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள்.